மூன்றாவது வாரத்தில் எடை குறையவில்லையா?

உடல் பருமனுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது இப்போது நம் குடும்பங்களிலும் பரவலாகிவிட்டது. சங்கத்து நண்பர்கள் வீடுகளிலேயே சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரத்தில் நிகழும் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் எங்கள் வீட்டில் நேர்ந்த சங்கடம் இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் மனைவியின் அனுமதி பெற்றே எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வயது 58. எடை 114 கிலோ. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடைப்பயிற்சி, சிறுதானியம், கொள்ளு ரசம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ சிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒரு குழாய்போல ஆக்குவார்கள். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோன் பெரும்பாலும் நீக்கப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. ஆகவே கொள்ளளவும் குறைகிறது, பசியும் குறைகிறது.

சுவரில் ஒட்டிய வரைபடம்

சிகிச்சைக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் திரவ உணவு கொடுத்தார்கள். அதிலேயே 4 கிலோ குறைந்து, சிகிச்சை நாளன்று 110 கிலோ. மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது 111. ஏற்றிய சலைனின் எடை அது. பிறகு மளமளவென்று இறங்கத் தொடங்கியது. பதினாறாம் நாள் 103!

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு அளவெடுத்தே பழகியவன் நான். கை சும்மா இருக்குமா? தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறித்தேன். கட்டத்தாளில் வரைபடம் போட்டு, சமையலறைச் சுவரிலும் ஒட்டினேன். அதைப் புகைப்படம் எடுத்துத் திருச்சியில் இருக்கும் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

பதினேழாம் நாள் 103. பதினெட்டாம் நாளும் 103. அடுத்த நாள் 103.2. ஒரு வாரம் இப்படியே போயிற்று. என் வரைபடம் மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் ஓடும் பாதைபோல நேராகப் போனது.

திருச்சியிலிருந்து அவர் அக்கா தொலைபேசியில் கேட்டார்: “ஏண்டி, காசையும் கொடுத்து வயித்தையும் அறுத்துக்கிட்டு, அதுக்குள்ள நின்னுபோச்சா?” அன்று மாலை நானும் என் பங்குக்கு, “நேத்து மோர் கொஞ்சம் கூடிப்போச்சோ?” என்று கேட்டுவைத்தேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவர் புரதப் பொடியை நிறுத்திவிட்டார். தண்ணீரையும் குறைத்துவிட்டார். “தண்ணிக்கும் எடை உண்டுதானே?” என்று பிற்பாடு சொன்னார். எனக்குத் தெரியாது. இருபத்தைந்தாம் நாள் காலை பூஜை அறையிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நாக்கு உலர்ந்திருந்தது, நாடி படபடவென்று ஓடியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உடலில் நீர் வற்றிவிட்டது என்று சொல்லி, வைட்டமின் ஊசியோடு இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள்.

அங்கிருந்த உணவு ஆலோசகர் பெண்மணி, எங்கள் மகளைவிடச் சின்னவர், என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அங்கிள், இது எல்லாருக்கும் வர்றதுதான். மூணாவது வாரத்து நிறுத்தம்னே இதுக்குப் பேரு.”

எல்லாருக்கும் வருவது என்றால் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்கத் தோன்றியது. ஆனால் வரைபடம் ஒட்டியவன் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தேன். அன்பர்களும் என்னோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அவர் வயதுக்கும் எடைக்கும் உடலின் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 1,900 கலோரி. பதினாறு நாளும் அவர் முழுப் பட்டினி கிடந்திருந்தால்கூடச் செலவு 30,400 கலோரிதான். அதற்கு 4 கிலோ கொழுப்பு கரைந்தாலே போதும். ஆனால் குறைந்ததோ 7 கிலோ! மீதி 3 கிலோ எங்கிருந்து வந்தது?

கொழுப்பு அல்ல. பெரும்பகுதி தண்ணீர்.

நம் உடல் அவசரத் தேவைக்காகக் ‘கிளைகோஜன்’ என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு சட்டென்று குறைந்தால் உடல் முதலில் தொடுவது இந்தக் கிடங்கைத்தான். அரை கிலோ கிளைகோஜன் போனால் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் கூடவே போகும். உப்பும் வெளியேறுவதால் இன்னும் கொஞ்சம் நீர் போகும். குடலில் இருந்த பொருளும் குறையும். தசையிலும் சிறிது கரையும். ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்குவதற்கு இதுதான் காரணம்.

நான் பணியில் சேர்ந்தபோது நீராவி என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. என்ஜினின் பின்னால் உள்ள டெண்டரில் நிலக்கரியும் தண்ணீரும் இருக்கும். சீக்கிரம் தீர்வது தண்ணீர்தான். வழியில் நிறுத்தி மறுபடி நிரப்புவார்கள். அந்தச் சமயத்தில் டெண்டரை எடை போட்டால் எடை கூடியிருக்கும். அதற்காக, வந்த வழியில் நிலக்கரி எரியவில்லை என்று யாராவது சொல்வார்களா?

இங்கும் அதே கதைதான். இரண்டு வாரம் கழிந்து, திரவ உணவிலிருந்து கூழ் போன்ற உணவுக்கு மாறும்போது உடல் கொஞ்சம் கிளைகோஜனைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. கூடவே தண்ணீரும் வருகிறது. அறுவைச் சிகிச்சையின் அதிர்ச்சியால் சுரக்கும் ஹார்மோன்களும் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். உணவு குறைவாலும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலச்சிக்கல் ஏற்பட்டால் அதுவும் எடையில் சேரும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்க, வெளியே தராசு அசையாமல் நிற்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1930-இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நியூபர்க், ஜான்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள், உணவைக் குறைத்தும் எடை குறையாமல் நின்ற பருமனானவர்களின் வரவு செலவைத் துல்லியமாக அளந்தார்கள். கரைந்த கொழுப்பின் எடையைத் தேங்கிய தண்ணீர் ஈடுகட்டி மறைத்திருந்தது என்று காட்டினார்கள்.

என் மனைவி விஷயத்தில் உண்மையான வேகம் என்ன? ஒரு நாளைக்கு 700 கலோரி சாப்பிடுகிறார். குறைவாகச் சாப்பிடும்போது உடலும் செலவைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளும் என்பதால் செலவு 1,800 என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை 1,100. ஏழு நாளைக்கு 7,700. அதாவது வாரத்துக்கு ஒரு கிலோ. நின்றதாக நாங்கள் நினைத்த நாட்களிலும் இந்த ஒரு கிலோ போய்க்கொண்டுதான் இருந்தது.

அதற்குச் சாட்சியும் வீட்டிலேயே இருந்தது. பல வருஷங்களாகச் சோப்புப் போட்டாலும் கழலாத அவருடைய தங்க வளையல், எடை ‘நின்றிருந்த’ அதே வாரத்தில் பாத்திரம் கழுவும்போது தானாகக் கழன்று விழுந்தது. என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

சலைன் ஏற்றிய மறுநாள் எடை 104. அன்றோடு நோட்டை மூடினேன். ஒரு வாரம் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம். அவர் பழையபடி புரதமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டார். முப்பத்து மூன்றாம் நாள் பார்த்தால் 100.8! பதினேழு நாளில் 2.2 கிலோ. கணக்கின்படி 2.4 வந்திருக்க வேண்டும். இந்த அளவு வித்தியாசம் எந்த அளவீட்டிலும் உண்டு.

என்ன செய்யலாம், என்ன கூடாது

இந்த நிறுத்தம் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில் வரும். ஒன்று முதல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம். தானாகவே விலகும். பிற்பாடும் இப்படிச் சில நிறுத்தங்கள் வரும். எடை மிகக் குறைந்த நிலையை அடைய ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும்.

சாப்பாட்டை மேலும் குறைக்கக் கூடாது. பொதுவாகச் சொல்லப்படும் புரத அளவு நாளைக்கு 60 முதல் 80 கிராம். இது குறைந்தால் தசை கரையும், முடியும் அதிகமாக உதிரும். நம் சைவச் சாப்பாட்டில் இந்த அளவை எட்டுவது எளிதல்ல. பருப்புத் தண்ணீரில் புரதம் சொற்பமே. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று அதிகம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம். அதனால்தான் புரதப் பொடி கொடுக்கிறார்கள். அதை நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், நாள் முழுவதும் மடக்கு மடக்காக. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். எடையைக் குறைத்துக் காட்டுவதற்காக, நீர் பிரியும் மாத்திரையையோ பேதி மருந்தையோ நாமாக வாங்கிப் போடுவது ஆபத்து. வைட்டமின் மாத்திரைகளை விடக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். சிகிச்சைக்குப் பின் பழைய அளவே அதிகமாகிவிடக் கூடும்.

எடையை வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே தராசு, காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். கூடவே ஒரு டேப்பால் இடுப்பையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் எடையும் சுற்றளவும் இரண்டுமே அசையவில்லை என்றால் உணவு ஆலோசகரிடம் பேசுங்கள்.

எடை நிற்பது ஆபத்தான அறிகுறி அல்ல. ஆபத்தானவை வேறு. காய்ச்சல், விடாத வயிற்று வலி அல்லது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஓய்வாக இருக்கும்போதும் நாடித் துடிப்பு மிக வேகமாக இருத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் சொற்பமாகப் போனாலும் தாமதிக்கக் கூடாது. வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போய் நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

பார்க்க வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சொந்த ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து வாழும் நமக்கு, உடம்புக்கு ஆகாதபோது அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருப்பதில்லை. சங்கத்து நண்பர்கள்தான் உறவு. ஃபிளாஸ்கும் டிபன் கேரியருமாக வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தச் சிகிச்சை செய்துகொண்டவரைப் பார்த்ததும், “இப்ப எத்தனை கிலோ?” என்று கேட்காதீர்கள். “தண்ணி குடிச்சீங்களா? இன்னிக்குக் கொஞ்சம் நடந்தீங்களா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கான பதில் அவர் கையில் இல்லை. இரண்டாவது அவர் கையில் இருக்கிறது.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. என் மனைவியின் எடை இப்போது 84 கிலோ. சர்க்கரைக்கு ஒரே ஒரு மாத்திரைதான். ரயில் நிலைய மேம்பாலத்தைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்குகிறார். இடையில் இன்னும் மூன்று முறை எடை நின்றது. யாரும் கவலைப்படவில்லை. சமையலறைச் சுவரில் வரைபடம் இருந்த இடத்தில் இப்போது மாதக் காலண்டர் தொங்குகிறது. எடை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அவரே பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். எண்ணைக் குறிக்கும் வேலையும் அவருடையதே. எனக்கு அதில் அதிகாரம் இல்லை.