மின்வெட்டிலும் தாக்குதலிலும் சிறிய இணையதளங்கள்

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 300 ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டுகளை இணையத்தில் வெளியிடும் நாட்களில், குறித்த நேரம் வந்ததும் பல்லாயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் அத்தளத்தை நாடுகின்றனர். மலைமீது வைகுண்டம் வரிசை வளாகத்தில் பக்தர்களை அறை அறையாக அமர்த்தி, சிறு சிறு பகுதியாக உள்ளே விடும் முறையே இங்கும் கையாளப்படுகிறது. வந்தவர் ஒரு காத்திருப்புப் பக்கத்தில் நிறுத்தப்பட்டு, தம் முறை வந்த பின்னரே உள்ளே அனுமதிக்கப்படுகிறார். இதற்குப் பெரிய கணினி நிலையங்களும் தேர்ந்த பொறியாளர்களும் தேவை. தேவஸ்தானத்திற்கு அவை கிட்டும். ஆனால் தம் ஓய்வு நேரத்தில், தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒரு சிறிய இணையதளத்தை நடத்துகின்ற ஒருவர் இத்தகைய வெள்ளம் வந்தால் என் செய்வார்?

இவ்வினா அற்பமானதன்று. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகளில் மிகப் பல தமிழில் அமைந்தவை. சித்தூர்ப் பகுதியின் தெருக்கூத்து தமிழும் தெலுங்கும் கலந்த ஒரு மரபு. சேஷாசல மலைகள் 2010-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. இத்தகைய பொருள்களைப் பற்றிப் படங்களும் குறிப்புகளும் சேர்த்து வைப்போர் பெரும்பாலும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றோரும் மாணவர்களுமே. அவர்களுடைய தளம் மறைந்தால் அதிலுள்ளது வேறெங்கும் இல்லாமற் போகக்கூடும். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, பொழுதுபோக்காக மக்கள் அமைத்திருந்த பக்கங்கள் ஏராளமாக அழிந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் முன்கூட்டியே படியெடுத்தவை மட்டுமே இன்று காணக் கிடைக்கின்றன.

சிறிய தளம் வலிமையால் நிலைத்து நிற்க இயலாது. எடை குறைவாக இருத்தல், பல இடங்களில் படிகள் இருத்தல், பிறர் தரும் நிழலில் ஒதுங்கத் தெரிதல் ஆகிய இவற்றாலேயே அது பிழைக்கிறது. செலவைவிட முன்யோசனையே இதற்கு மிகுதியாக வேண்டும்.

மின்சாரமும் இழையும்

வீட்டிலேயே ஒரு சிறு கணினியை வைத்து, அதிலிருந்தே தளத்தை நடத்துவோர் சிலர் உண்டு. இவர்களுக்கு முதல் எதிரி மின்தடை. ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். உள்ளங்கை அளவான கணினி ஒன்றும் ரவுட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 20 வாட் மின்சாரம் கொள்ளும். வீடுகளில் காணும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்கியிருப்பது 1,800 வாட்-மணி. காரீய பாட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதிக்கு மேல் இறக்குவது நல்லதன்று. எனவே கையில் இருப்பது 900 வாட்-மணி. 20 வாட்டுக்கு இது 45 மணி நேரம் வர வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் தானே இயங்குவதற்கும், மின்சாரத்தை மாற்றும்போது ஏற்படும் இழப்புக்கும் மேலும் 20 வாட் போய்விட்டால், கிடைப்பது 22 மணி நேரமே. கடைக்காரர் இதை வழக்கமாகச் சொல்வதில்லை. ரவுட்டரும் சிறு கணினியும் குறைந்த நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. ஆதலின், இன்வெர்ட்டரை விடுத்து, ஏற்ற மின்னழுத்தம் தரும் சிறு நேர்மின் யு.பி.எஸ். ஒன்றை அமைத்தால் இவ்விழப்பின் பெரும்பகுதி மீதமாகும். பாட்டரிக்குத் திருப்பதி வாசிகள் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1985-இல் தோன்றிய அமரராஜா நிறுவனத்தின் தொழிற்சாலை அருகே கரகம்பாடியிலேயே உள்ளது.

எனினும் நம் வீட்டு விளக்கு எரிவதால் மட்டும் தளம் இயங்கிவிடாது. தெருமுனையில் இருக்கும் இணைப்பாளரின் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். ஆந்திர மாநில பைபர்நெட் நிறுவனம் கண்ணாடியிழையைப் பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதே கொண்டு சென்றது. செலவைக் குறைத்து ஊர் ஊராக இணைப்புத் தந்த பயனுள்ள ஏற்பாடு அது. ஆனால் புயலில் கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இழையும் ஒருங்கே போகும். 2021 நவம்பரில் திருப்பதியைப் பெருமழை சூழ்ந்தபோதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், இவையெல்லாம் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை என்பது கண்கூடாயிற்று.

இதற்கு மேலும் ஓர் இடையூறு உண்டு. வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக் கொள்வதால், வெளியிலிருந்து ஒருவர் நம் கணினியை நேராக அடைய முடியாது. ஆகவே தளத்தின் மூலப்படியை வீட்டில் வைத்துப் பேணுவதும், மக்கள் காணும் முகப்பை வேறு நகரத்திலுள்ள ஒரு சேவையகத்தில் வைப்பதுமே அறிவுடைமை. சித்தூரில் மின்சாரம் நின்றால் புதிய பக்கம் சேர்ப்பதுதான் தடைப்படும். பழைய பக்கங்களைப் படிப்போருக்கு இடையூறு இராது.

வேண்டாத கூட்டம்

சேவை மறுப்புத் தாக்குதல் என்பது பூட்டை உடைத்துத் திருடுவதன்று. கடை வாசலில் ஆயிரம் பேரைக் கூட்டி நிறுத்தி, உண்மையான வாடிக்கையாளர் நுழைய முடியாமற் செய்வது போன்றது. இதில் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, இணைப்புக் குழாயையே நிரப்புவது. 2016 செப்டம்பரில், இணையக் குற்றங்களைப் பற்றித் தனியொருவராக எழுதிவரும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் என்பவரின் தளத்தின் மீது வினாடிக்கு ஏறத்தாழ 620 கிகாபிட் அளவு வேண்டாச் செய்திகள் பாய்ந்தன. வினாடிக்கு 50 மெகாபிட் கொள்ளும் வீட்டு இணைப்பு ஒன்றைப் போல அது 12,400 மடங்கு. அவருக்கு அதுவரை இலவசமாகப் பாதுகாப்பு அளித்து வந்த அகமாய் நிறுவனம், பிற வாடிக்கையாளர்களை எண்ணி அதனை நிறுத்திக்கொண்டது. தளம் சில நாட்கள் மறைந்தது. பின்னர் செய்தியாளர்களைக் காக்கவென்று கூகுள் நடத்தும் புராஜெக்ட் ஷீல்டு என்னும் திட்டத்தின் கீழ் மீண்டும் தோன்றியது.

அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கருத வேண்டியது. மிராய் என்னும் தீநிரல், உலகெங்கும் கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றில் புகுந்திருந்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றாமல் விட்டதே அது புக வழியாயிற்று. அறுபதுக்கு மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதுதான் அதன் முழு வித்தை. அதை ஆக்கிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மைன்கிராப்ட் என்னும் விளையாட்டுக்கான சேவையகங்களைச் சுற்றி எழுந்த போட்டியே அவர்களை இதில் இறக்கியது என்பது வியப்புக்குரியது. எந்த ஊர்க் கடைத்தெருவில் தொங்கும் கேமராவும் இத்தகைய படையில் ஒரு சிப்பாயாகச் சேரக்கூடும். கடை முதலாளிக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாம் வகை நுட்பமானது. குழாய் நிரம்புவதில்லை, சேவையகம் களைத்துப் போகிறது. ஒரு தளத்தின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லை இட்டால், கணினி தன் தரவுத்தளம் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். கேட்பவருக்கு ஒரு வரிச் செலவு. விடை தருபவருக்கு ஒரு வினாடி உழைப்பு. வினாடிக்கு ஐம்பது பேர் கேட்டாலே சிறு சேவையகம் படுத்துவிடும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களில் நுழைவுப் பக்கத்தை மீண்டும் மீண்டும் தட்டுவதும் இவ்வகையே.

தாக்குதல் போலத் தோன்றுவது எப்போதும் பகைமையும் அன்று. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கி வாசிப்பு நிரல்கள் இப்போது தளம் தளமாகப் புகுந்து பக்கங்களை அள்ளுகின்றன. 2024 ஜனவரியிலிருந்து தன் படங்களையும் ஒலி, ஒளிக் கோப்புகளையும் இறக்குவதற்கான போக்குவரத்து 50 விழுக்காடு பெருகியதாக விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் தெரிவித்தது. அதன் காரணம் இத்தகைய நிரல்களே. விக்கிமீடியாவுக்கே இந்நிலை எனில் சித்தூர்த் தெருக்கூத்துத் தளத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. ஆதலால் தளம் தள்ளாடும்போது யாரையும் குற்றஞ்சாட்டுமுன் சேவையகத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்த முகவரிகள், எந்தப் பக்கத்தை, எத்தனை முறை கேட்டன என்பது அதில் வரி வரியாக உள்ளது.

எடை குறைந்த பக்கங்கள்

இரண்டாம் வகைக்குச் சிறந்த மருந்து பக்கங்களை முன்னதாகவே சமைத்து வைப்பது. ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்தைத் துழாவிப் பக்கத்தைக் கோத்துத் தருவதற்குப் பதிலாக, எழுதி முடித்த பக்கங்களை நிலையான கோப்புகளாக அடுக்கி வைத்தால் சேவையகத்திற்கு வேலையே இல்லை எனலாம். பொழுதுபோக்குத் தளங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இவ்வாறு இயங்க முடியும் என்பது என் கருத்து. தேடல் வசதி வேண்டுமானால், சிறு பொருளடக்கக் கோப்பு ஒன்றை வாசகரின் கணினிக்கே அனுப்பி, அங்கேயே தேடச் செய்யலாம்.

படங்களிலும் சிக்கனம் தேவை. வினாடிக்கு 50 மெகாபிட் அனுப்பவல்ல இணைப்பு வழியே, 3 மெகாபைட் படங்கள் வினாடிக்கு இரண்டுதான் செல்லும். அதே இணைப்பில் 50 கிலோபைட் பக்கங்கள் வினாடிக்கு 120-க்கு மேல் செல்லும். கல்வெட்டின் நுண்ணிய படம் ஆராய்ச்சியாளருக்குத் தேவைதான். அதனைத் தனியிடத்தில் வைத்து, கேட்பவருக்கு மட்டும் தரலாம்.

நிழல் தரும் மரம்

முதல் வகைத் தாக்குதலை எந்தத் தனிமனிதரும் எதிர்த்து நிற்க முடியாது. நூற்றுக்கணக்கான நகரங்களில் கணினி நிலையங்களை வைத்து, அவை அனைத்தையும் ஒரே முகவரியில் இயங்கச் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. சென்னையிலிருந்து வரும் வேண்டுகோள் சென்னை நிலையத்துக்கும், சாவோ பாவ்லோவிலிருந்து வருவது அங்குள்ள நிலையத்துக்கும் செல்வதால் வெள்ளம் ஆங்காங்கே வடிந்துவிடுகிறது. கிளவுட்பிளேர் நிறுவனம் 2017 செப்டம்பர் முதல் தாக்குதலின் அளவைக் கணக்கிடாமல், இலவச வாடிக்கையாளர்களுக்கும் இப்பாதுகாப்பை அளித்து வருகிறது. 2025 மே மாதத்தில் வினாடிக்கு 7.3 டெராபிட் அளவுத் தாக்குதலைத் தடுத்ததாக அந்நிறுவனம் கூறியது.

இந்நிழலில் ஒதுங்குவோர் பலர் ஒன்றை மறக்கின்றனர். உண்மைச் சேவையகத்தின் பழைய முகவரி வெளியே தெரிந்திருந்தால், தாக்குபவர் நிழலைச் சுற்றிக்கொண்டு நேராக அங்கே வருவார். ஆகவே ஒதுங்கிய அன்றே சேவையகத்தின் முகவரியை மாற்றி, அந்நிறுவனத்தின் நிலையங்களிலிருந்து வருவனவற்றை மட்டுமே ஏற்குமாறு அமைத்தல் வேண்டும். தளம் அனுப்பும் மின்னஞ்சல்களின் தலைப்பிலும் அம்முகவரி கசியக்கூடும்.

மரமும் விழும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்பிளேரில் ஏற்பட்ட உட்கோளாறால் உலகின் மிகப் பெரிய தளங்கள் சில மணிக்கணக்கில் முடங்கின. 2016 அக்டோபர் 21 அன்று டின் என்னும் பெயர்ச்சேவை நிறுவனம் மிராய்ப் படையால் தாக்கப்பட்டபோது, தம் சேவையகங்கள் நலமாக இருந்தும், பெயரை முகவரியாக மாற்றித் தருவார் இன்றிப் பல தளங்கள் மறைந்தன. தளத்தின் பெயரை ஒரு நிறுவனத்திடமும், சேவையகத்தை இன்னொன்றிடமும் வைத்திருப்பவர் இடர் வந்தால் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாற முடியும். யாவற்றையும் ஒரே கடையில் வாங்கியவருக்கு அவ்வழியில்லை.

படியும் ஒத்திகையும்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணினி நிலையம் ஒன்று தீக்கிரையாயிற்று. காப்புப்படி வைத்திருந்த வாடிக்கையாளர் சிலரும் அனைத்தையும் இழந்தனர். அவர்களுடைய படிகளும் அதே வளாகத்தில் இருந்தன. நமது நிலையான கோப்புகளின் முழுத் தொகுதியும் பெரும்பாலும் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். ஒன்று வீட்டிலும், ஒன்று வேறூரிலுள்ள உறவினரிடமும், ஒன்று வேறு நிறுவனத்தின் சேவையகத்திலும் இருக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பக்கங்களைப் பதியச் செய்யலாம். ஆயினும் 2024 அக்டோபரில் அவ்வமைப்பே தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது என்பதால் அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

பணம் கேட்டு மிரட்டுவோருக்கு விடையளிக்கலாகாது. கடிதத்தையும் பதிவேட்டையும் அழியாமல் காக்க வேண்டும். ஒரு கணினியின் சேவையை உரியோருக்கு மறுப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் அடங்கும். தீய நோக்குடன் செய்யப்படுமாயின் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் தொலைபேசி எண்ணிலும், 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்பிடமும் முறையிடலாம். குற்றவாளி அயல்நாட்டிலிருந்தால் பயன் விரைவில் கிட்டாது. ஆனால் முறையீடு இல்லாமல் எந்த விசாரணையும் தொடங்குவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் ஒத்திகை பார்ப்பது நல்லது. வீட்டு இணைப்பை ஒரு மாலைப்பொழுது துண்டித்து விட்டு, வேறோர் ஊரில் வைத்த படியிலிருந்து புதிய சேவையகம் ஒன்றில் தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன, பெயர்ச்சேவையை மாற்றுவது எங்ஙனம், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பனவற்றைக் காகிதத்தில் எழுதி, தளத்தை நடத்துபவர் இல்லாதபோதும் எடுத்துப் பார்க்கக்கூடிய இன்னொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.