புகைபோக்கியின் வயதும் பிள்ளையின் மூச்சும்

அத்திப்பட்டுப் புதுநகரில் ஒரு மாலை. வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். திண்ணையை விரலால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். விரல் நுனி கறுத்திருந்தது. “சாம்பல்னா தெரியுது தம்பி, தண்ணி ஊத்திக் கழுவிடறேன். ராத்திரியானா சின்னவனுக்கு வீசிங் வருதே, அதுக்கு எதைக் கழுவ?”

அந்தப் பிள்ளையின் இளைப்புக்கு எது காரணம் என்று ஒரு மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அக்காவின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டது. வடசென்னையில் புகை என்றாலே கண்ணுக்குத் தெரியும் சாம்பலையும் நிலக்கரித் தூளையும்தான் எல்லோரும் பேசுகிறோம். மனு எழுதினாலும் அதைத்தான் எழுதுகிறோம். அதே புகைபோக்கி வழியாக வெளியேறி, திண்ணையில் படியாமல் நேரே நெஞ்சுக்குள் போகிற ஒரு வாயு உண்டு. அதன் பெயர் நைட்ரஜன் ஆக்சைடு. அதற்கும் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு எப்படித் தளர்ந்தது, அதை மறுபடி இறுக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற புகைபோக்கிகள் எல்லாம் ஒரே தலைமுறை அல்ல. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 1990-களில் வந்தது, 630 மெகாவாட். இரண்டாம் நிலையின் 1,200 மெகாவாட்டும், பக்கத்து வல்லூர் அனல்மின் நிலையத்தின் 1,500 மெகாவாட்டும் 2012-க்கும் 2015-க்கும் இடையே உற்பத்தியைத் தொடங்கின. மூன்றாம் நிலை, 800 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. மூன்று தலைமுறைக்கும் சட்டம் மூன்று வரம்பு வைத்திருக்கிறது. 2003-க்குள் நிறுவியவை ஒரு கன மீட்டர் புகையில் 600 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். 2004 முதல் 2016 வரை நிறுவியவை 450 வரை. 2017-க்குப் பிறகு வந்தவை 100-ஐத் தாண்டக் கூடாது.

வரம்பு புகைபோக்கியின் பிறந்த தேதியைப் பார்க்கிறது. கீழே இருக்கும் பிள்ளையோ மூன்றிலிருந்தும் வருவதைக் கலந்துதான் மூச்சிழுக்கிறது.

இந்த வாயு எப்படி உண்டாகிறது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராது. கொதிகலனின் உலையில் தழல் 1,300 டிகிரியைத் தாண்டும்போது அதன் பிடிவாதம் உடைந்து ஆக்சிஜனோடு கூடிவிடுகிறது. நிலக்கரிக்குள்ளேயே இருக்கும் நைட்ரஜனும் எரிந்து இதோடு சேர்கிறது. முதலில் பிறப்பது நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடு. காற்றில் கலந்ததும் அது பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. அடிவானத்தில் சில நாள் பழுப்பேறித் தெரியும் மங்கலில் தூசோடு இதற்கும் பங்குண்டு.

கதை அதோடு முடியவில்லை. வெயில் பட்டால் இது மற்ற ஆவிகளோடு வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகிறது. மேலே வானத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும். நண்பகலுக்குப் பிறகு இது உச்சத்துக்குப் போகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கோடை மதியத்தில் வெளியே ஓடியாடும் வேலையைத் தவிர்க்கச் சொல்வதற்கு வெக்கை மட்டும் காரணமல்ல. இன்னொரு பக்கம், அம்மோனியாவோடு சேர்ந்து நைட்ரேட் துகளாகவும் உறைகிறது. பி.எம். 2.5 என்று செய்தியில் கேட்கும் நுண்துகளில் ஒரு பகுதி, வாயுவாகக் கிளம்பி வழியில் துகளானதுதான். உயரமான புகைபோக்கி அருகே இருப்பவர்களைக் கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் வாயுவைத் தூரத்துக்கு அனுப்புமே தவிர, ஒழிக்காது.

இப்போது விதிக்கு வருவோம். 2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்புகளை அறிவித்தது. நிலக்கரி நிலையங்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்கு நாடு தழுவிய வரம்பு வந்தது அப்போதுதான். நடுத் தலைமுறை நிலையங்களுக்கு அன்று விதித்த எண் 450 அல்ல, 300. இரண்டே ஆண்டு அவகாசம். அவகாசம் முடியும் வேளையில் அது 2022-க்குத் தள்ளிப் போனது. 2021-இல் நிலையங்களை இருக்குமிடத்தைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரித்து, தேதியையும் 2022, 2023, 2024 என்று பிரித்தார்கள். இதற்கு நடுவே, 2020 அக்டோபரில், 300 என்பது 450 ஆனது.

தளர்த்தக் கேட்டவர்கள் சொன்ன காரணத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. முழுச் சுமையில் ஓடும்போது 300-ஐத் தொட முடிகிறது, சுமை குறையும்போது முடிவதில்லை என்றார்கள். நம் நிலக்கரியில் சாம்பல் மிகுதி. வினையூக்கி வைத்து வாயுவைப் பிரிக்கும் கருவி அதில் சீக்கிரம் தேய்கிறது. இவை உண்மையான சிக்கல்கள்தாம். ஆனால், சுமை குறைந்த நேரத்துக்கு மட்டும் தனி வரம்பு வைத்திருக்கலாமே! ஆண்டு முழுக்க, எல்லா நேரத்துக்கும் ஒன்றரை மடங்காக்கியது ஏன் என்பதற்கு இந்தக் காரணம் பதிலாகாது. உலையின் எரிப்பானை மாற்றுவதும், எரிகாற்றைக் கட்டங்கட்டமாக விடுவதும், உலைக்குள் யூரியாக் கரைசலைத் தெளிப்பதும் உலகில் பல்லாண்டுகளாக இருக்கிற வேலைகள்.

அந்த 150 மில்லிகிராம் சிறிதாகத் தோன்றும். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை முதல் நான்கு கன மீட்டர் புகை வரும். 1,500 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் அறுபது லட்சம் கன மீட்டரை நெருங்கும். 300-க்கும் 450-க்கும் உள்ள இடைவெளி அந்த ஒரு மணி நேரத்தில் முக்கால் டன்னுக்கு மேல் கூடுதல் வாயுவை விட அனுமதி தருகிறது. அவ்வளவும் விடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. விட்டாலும் விதிமீறல் ஆகாது என்பதுதான் இங்கே கவலை.

சுவாசிக்கும் காற்றுக்கும் தனியாக ஓர் அளவு உண்டு. 2009-இல் அறிவித்த தேசியத் தரப்படி நைட்ரஜன் டை ஆக்சைடு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 80. உலக சுகாதார நிறுவனமும் முன்பு ஆண்டுக்கு 40 என்றுதான் சொன்னது. 2021-இல் அதை 10 ஆகக் குறைத்துவிட்டது. முன்பு பாதுகாப்பு என்று எண்ணிய அளவுக்குக் கீழேயும் குழந்தைகளின் ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, இதய நோயாளிகளின் பாதிப்பு ஆகியவற்றோடு தொடர்பு தெரியவந்ததே காரணம். நம் அளவுகோல் இன்னும் 2009-இலேயே நிற்கிறது.

கைப்பேசியில் ‘சமீர்’ செயலியைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றுத் தரக் குறியீடு என்று அது காட்டும் ஒற்றை எண், எல்லா மாசுகளையும் கூட்டி வந்தது அல்ல. எந்த மாசு அன்று மோசமோ அதன் எண் மட்டும். பெரும்பாலும் தூசு முந்திவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். எண்ணைத் தொட்டு உள்ளே போய் அந்த வாயுவுக்கான தனி அளவைப் பாருங்கள். மணலியில் இருக்கும் தானியங்கி நிலையங்களின் அளவுகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் இதே குறைதான்: 2019-இல் தொடங்கிய அத்திட்டம் நகரங்களின் முன்னேற்றத்தைத் தூசை வைத்தே அளக்கிறது.

வாகனங்களையும் விட முடியாது; நகரங்களில் இந்த வாயுவின் பெரிய ஊற்று டீசல் என்ஜின்கள்தாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது டீசல் காருக்கான வரம்பு ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. புதிய லாரிகளில் டிரைவர்கள் ‘யூரியா ஊத்தணும்’ என்பார்களே, அந்தத் திரவம் இதற்காகத்தான். ஆனால், பெட்ரோல் பங்கு ஓரத்துப் பொல்யூஷன் டெஸ்ட் வண்டியில் போய் நில்லுங்கள். டீசல் வண்டியின் சைலன்சரில் குழாயைச் செருகி, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, புகையின் அடர்த்தியை மட்டும் பார்த்துச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை. யூரியாக் கருவி வேலை செய்யாத லாரியும் கரும்புகை இல்லாவிட்டால் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

இதெல்லாம் டெல்லி முடிவு செய்வது, நம் மாநிலம் என்ன செய்ய முடியும் என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அது தவறு. 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 17-ஆம் பிரிவில், மத்திய வாரியத்தைக் கலந்து புகை வரம்புகளை வகுக்கும் பணியை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே கொடுத்திருக்கிறது. அதைவிடத் தெளிவானது 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள 3(2). மத்திய அட்டவணையில் இருப்பதைவிடக் கடுமையான வரம்பை, ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு, அது மாசை விடும் இடத்தின் நிலையைப் பொறுத்து, மாநில வாரியம் விதிக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அவ்வளவே. மத்திய வரம்பு இதற்கு மேல் போகாதே என்று போட்ட கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு போட மாநிலத்துக்குத் தடையில்லை. மூன்று தலைமுறை அனல்மின் நிலையங்களும், துறைமுகமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நெருங்கி நிற்கும் எண்ணூர் – மணலி வட்டாரத்தைவிட இந்த விதிக்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறெது?

புதிய சட்டம் தேவையில்லை. அனல்மின் நிலையம் போன்ற ஆலைகள் காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி மாநில வாரியத்தின் இசைவாணை பெற்றுத்தான் ஓட வேண்டும். எந்தப் புகைபோக்கி, எவ்வளவு உயரம், எவ்வளவு விடலாம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைப் புதுப்பிக்கும்போது 450 என்று இருக்கும் இடத்தில் 300 என்று எழுத, 3(2) போதும்.

தூய காற்று நமக்குச் சலுகை அல்ல. வாழும் உரிமையில் மாசற்ற நீரும் காற்றும் அடங்கும் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த உரிமையை நடைமுறையில் பிடிக்க, முதலில் காகிதம் கையில் வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வெள்ளைத் தாளில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பகுதியின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். “மாசு விவரம் தருக” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். நிலையத்தின் பெயரைச் சொல்லி, நடப்பு இசைவாணையின் நகலைக் கேளுங்கள். புகைபோக்கியில் பொருத்திய தொடர் கண்காணிப்புக் கருவி பதிந்த நைட்ரஜன் ஆக்சைடு அளவுகளை, குறிப்பிட்ட மாதத்துக்கு, மணி வாரியாகக் கேளுங்கள். கருவி ஓடாத நேரங்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஊர்க் காற்றில் மாசு மிஞ்சும் நேரமும் கருவி நின்ற நேரமும் ஒன்றாக இருந்தால் அதுவே ஒரு செய்தி. வரம்பு மீறலுக்கு வாரியம் அனுப்பிய நோட்டீஸ்களின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

பதிவுகளில் மீறல் தெரிந்தால் வாரியத்துக்குத் தேதியும் எண்ணும் குறித்துப் புகார் அனுப்புங்கள். காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவில் ஆலையை மூடவும் மின்சாரத்தை நிறுத்தவும் உத்தரவிடும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பல மீறல்களுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதிலாகப் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை விதிப்பவர் தீர்ப்பளிக்கும் அதிகாரி. ஒரு பெரிய மின்நிலையத்துக்குப் பதினைந்து லட்சம் ஒரு பொருட்டா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதனால்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவு முக்கியம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. காலக் கெடுவில்தான் பலர் தவறவிடுகிறார்கள்: பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு.

மத்திய அரசு வரம்பை மாற்ற வரைவு வெளியிடும்போது வழக்கமாக அறுபது நாள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மின் நிறுவனங்கள் அந்த அறுபது நாளைத் தவறவிடுவதில்லை. நம் ஊராட்சிகளும் மீனவப் பஞ்சாயத்துகளும் வரைவு வந்ததையே அறிவதில்லை. தமிழிலும் எழுதி அனுப்பலாம். கிராம சபைத் தீர்மானமாக அனுப்பினால் இன்னும் கனம்.

அத்திப்பட்டு அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த மனு ஒரு பக்கம்கூட இல்லை. விதி 3(2)-இன்படி எங்கள் ஊரின் காற்று நிலையைக் கருதி, அடுத்த இசைவாணையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை 300 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. கீழே அவர் கையெழுத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினோரு பேர் கையெழுத்து. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன்: இசைவாணை எந்தத் தேதியில் முடிகிறது என்று அதிலேயே போட்டிருக்கும், அதற்கு மூன்று மாதம் முன்பே இந்த மனு கிண்டியில் இருக்கும் வாரியத் தலைமை அலுவலகத்துக்கு ஒப்புகையோடு கூடிய தபாலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒப்புகை வந்ததும் பத்திரமாக வையுங்கள் என்றேன். ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, அங்கேயே இடம் ஒதுக்கிக் காட்டினார்.