யோர்க்ஷயரின் கீழ்நிலை றக்பி லீக்: வரலாறும் படிப்பினையும்

விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றிக் கிண்ணங்களையும் புகழ்பெற்ற வீரரையும் பற்றியே எழுதுவர். பல்லாயிரவர் கூடும் அரங்குகளுக்கு அப்பால், சிற்றூர்ப் புற்றரைகளிலே ஐம்பது அறுபது பேர் சூழ்ந்து நின்று காணும் ஆட்டங்கள் அவர்தம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஆயின், ஒரு விளையாட்டைத் தாங்கி நிற்கும் கொள்கை யாது, அது எங்கே சோதிக்கப்பட்டது, எங்கே நிலைபெற்றது என ஆராய்வார்க்கு இச்சிற்றூர்ப் புற்றரைகளே சான்று தரவல்லன. இவ்வுண்மையை விளக்குதற்கு, இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க்ஷயர் என்னும் கவுண்டியில் நடைபெற்றுவரும் கீழ்நிலை றக்பி லீக் போட்டிகளின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

றக்பி ஆட்டம் கல்விக்கூடமொன்றிலே தோன்றியது என்பது யாவரும் அறிந்ததே. றக்பி என்னும் ஊரிலுள்ள பாடசாலையின் மாணவர் 1845ஆம் ஆண்டில் அதன் விதிகளை முதன்முதலாக எழுத்தில் வகுத்தனர். அங்கும் அதுபோன்ற பிற பாடசாலைகளிலும் பயின்றோர் வெளியேறிக் கழகங்களை அமைத்தனர். அத்தகைய 21 கழகங்கள் 1871ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலண்டனிற் கூடி நிறுவியதே றக்பி உதைபந்தாட்ட ஒன்றியம். வசதி படைத்த குடும்பங்களிற் பிறந்த அவ்விளைஞர்க்கு ஆட்டம் ஓய்வுநேரத்து இன்பம். அதனாற் பொருளீட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

யோர்க்ஷயரின் நிலை வேறு. அது கம்பளி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த நாடு. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளைச் சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2 மணியோடு மூடச் செய்தது. அந்த அரைநாள் ஓய்வு தொழிலாளர்க்கு விளையாட்டின் வாயிலைத் திறந்துவிட்டது. 1877ஆம் ஆண்டில் யோர்க்ஷயர்க் கிண்ணப் போட்டி தொடங்கிற்று. ‘பழைய தகரக் குவளை’ எனப் பொருள்படும் செல்லப் பெயரால் ஊரவர் அக்கிண்ணத்தை வழங்கினர். முதற்பருவத்தில் ஹலிபாக்ஸ் கழகம் அதனை வென்றது. ஊருக்கு ஊர் போட்டியுணர்ச்சி வளர்ந்தது. காண்போர் கூட்டம் பெருகிற்று. நுழைவுச்சீட்டுப் பணமும் பெருகிற்று.

பணம் பெருகியவிடத்து வினாவும் எழுந்தது. சனிக்கிழமை முற்பகல் வேலையை விட்டுத் தொலைவிலுள்ள ஊருக்கு ஆடச் செல்லும் சுரங்கத் தொழிலாளி அன்றைய கூலியை இழக்கின்றான். அவ்விழப்பை ஈடுசெய்ய அவன் கழகம் ஒரு சிறுதொகை கொடுத்தல் முறையோ, அன்றோ? ஊதியத்துக்கு ஆடுதலை ஒன்றியம் 1886ஆம் ஆண்டிலேயே தடைசெய்திருந்தது. 1893ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இலண்டனில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், இழந்த கூலிக்கு மட்டும் கொடுப்பனவு வழங்க இடந்தரவேண்டுமென யோர்க்ஷயர்ப் பிரதிநிதிகள் முன்வைத்த பிரேரணை, 136 வாக்குகளுக்கு எதிராக 282 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது.

இதற்கிடையே, 1892ஆம் ஆண்டில் யோர்க்ஷயரின் முன்னணிக் கழகங்கள் தமக்குள்ளே புள்ளிப்பட்டியலோடு கூடிய லீக் போட்டியொன்றை ஏற்படுத்திக்கொண்டன. ஒன்றியத்தின் பெரியோர் இதனை ஐயத்தோடு நோக்கினர். புள்ளிப்பட்டியல் ஒன்று இருப்பின் அதில் முதலிடம் பெறும் ஆசை பிறக்கும். அவ்வாசை திறமையாளரைத் தேடச் செய்யும். திறமையாளரைத் தேடுவோர் ஈற்றிற் பணங்கொடுக்கத் தலைப்படுவர். இதுவே அவர்தம் வாதத்தின் சாரம். இவ்வாதம் முற்றிலும் பிழையானதன்று. ஆயினும், கூலியை இழந்து ஆட இயலாதவனை அது ஆட்டத்தினின்றும் விலக்கிவைத்தது என்பதையும் மறத்தலாகாது.

1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆந் தேதி ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹொட்டலிற் கூடிய வடபுலக் கழகங்கள் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து, வடபுல ஒன்றியம் என்னும் தனியமைப்பை நிறுவின. நாளொன்றுக்கு 6 சிலிங் வரை கூலியிழப்புக் கொடுப்பனவு வழங்க அது இடமளித்தது. 1906ஆம் ஆண்டில் அணிக்கு 13 பேர் என விதிகளை மாற்றி, 1922ஆம் ஆண்டில் ‘றக்பி லீக்’ என்ற பெயரை அது பூண்டது. 15 பேர் ஆடும் பழைய ஆட்டம் ‘றக்பி யூனியன்’ என வழங்கலாயிற்று. ‘லீக்’ என்னும் சொல்லே இவ்வாறு பிரிந்து சென்றோரின் பெயராகிவிட்டமை, அம்முறைமீது யூனியன் தரப்பினர் கொண்டிருந்த வெறுப்பை மேலும் வளர்த்திருத்தல் கூடும்.

பிரிவினையால் நேர்ந்த இழப்புச் சிறிதன்று. 1889 தொடக்கம் 1896 வரை நடைபெற்ற எட்டுக் கவுண்டிச் சம்பியன் போட்டிகளுள் ஏழினை வென்ற யோர்க்ஷயர் அதன்பின் தளர்ந்தது. 1893இல் 481 ஆக இருந்த ஒன்றியத்தின் கழகங்கள் 1903இல் 244 ஆகக் குறைந்தன. 1892இல் ஒரு புள்ளியேனும் விட்டுக்கொடாது அயல்நாட்டார் மூவரையும் வென்ற இங்கிலாந்து அணி, மீண்டும் அச்சம்பியன் பட்டத்தைத் தனித்துப் பெற 1910 வரை காத்திருக்க நேர்ந்தது.

எஞ்சிய யூனியன் கழகங்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ‘நட்பு ஆட்டங்கள்’ ஆடியே காலங் கழித்தன. கழகச் செயலாளர்கள் கடிதம் எழுதித் தேதி குறித்துக்கொள்வர். இன்ன கிழமையில் இன்ன கழகம் என்பது தந்தையர் காலத்திலிருந்து வழிவழி வந்த உறவாக இருக்கும். கிண்ணப் போட்டிகளும் கவுண்டிப் போட்டிகளும் நீங்க, வென்றாலும் தோற்றாலும் பட்டியலில் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. இம்முறையிலே தோழமை இருந்தது. ஆயின் நீதி குறைவாயிருந்தது. சிறந்த ஆட்டக்காரரைக் கொண்ட சிறு கழகமொன்று புகழ்பெற்ற கழகத்தோடு ஆட விரும்பினாலும், அப்பெரிய கழகம் மனமிசைந்தாலன்றி அது கைகூடாது. பிறப்பாற் பெற்ற உயர்வுபோல, பழம்பெருமையே தகுதியாக நின்றது.

றக்பி லீக் ஆடியவன் மீண்டும் யூனியன் கழகத்துட் புகமுடியாது என்ற தடையும் யோர்க்ஷயரிலேயே மிகக் கடுமையாக உறைத்தது. அங்கே ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், இருவகை ஆட்டக்காரரும் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் படையினர்க்காக இத்தடை தளர்த்தப்பட்டது. 1943இல் லீட்சிலும் 1944இல் பிரட்போட்டிலும் இருதரப்பினரும் யூனியன் விதிகளின்படியே மோதினர். இரு முறையும் றக்பி லீக் ஆட்டக்காரரே வென்றனர். போர் முடிந்ததும் தடை மீண்டது.

காலப்போக்கிற் பட்டியல்மீதிருந்த அச்சம் சிறிது சிறிதாக அகன்றது. 1971-72ஆம் பருவத்தில் நாடளாவிய கிண்ணப் போட்டி தொடங்கியது. தொடர்ந்து, நட்பு ஆட்டங்களின் முடிவுகளைக் கொண்டு தரவரிசைப் பட்டியல்கள் ஆக்கப்பட்டன. ஈற்றில் 1987ஆம் ஆண்டில், கறேஜ் என்னும் மதுவடிசாலையின் அனுசரணையோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்களை ஒரே ஏணியின் படிகளில் நிறுத்தும் லீக் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. லீக் போட்டியை முன்னெடுத்த கழகங்கள் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து 92 ஆண்டுகளின் பின், யோர்க்ஷயர் யூனியன் கழகங்களும் லீக் போட்டியில் ஆடத் தொடங்கின.

இவ்வேணியின் அமைப்பை ஈண்டுச் சுருக்கமாக நோக்குதல் நன்று. உச்சியில் தேசியப் பிரிவுகள். அவற்றின்கீழ் 2022 வரை வடக்கு, மத்திய பகுதி, இலண்டன், தென்மேற்கு என நான்கு பெரும் வட்டாரங்கள் இருந்தன. வடபுலத்தில் வடக்குப் பிரிவுகளும் வடகிழக்குப் பிரிவுகளும் கடந்து இறங்கினால், யோர்க்ஷயர் முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு எனக் கவுண்டிக்கே உரிய படிகள் வந்தன. ஒவ்வொரு பருவ முடிவிலும் முன்னணியில் நிற்போர் ஒருபடி உயர்வர். இறுதியில் நிற்போர் ஒருபடி இறங்குவர். தொடக்கத்தில் ஒரு கழகம் மற்றொன்றைப் பருவத்துக்கு ஒருமுறையே சந்தித்தது. பின்னர் இரு கழகங்களின் மைதானங்களிலுமாக இருமுறை ஆடும் வழக்கம் ஏற்பட்டது. வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2 புள்ளி, நான்கு ‘ட்றை’கள் வைத்தோர்க்கும் ஏழு புள்ளிகளுக்கு மேற்படாத வேறுபாட்டால் தோற்றோர்க்கும் மேலதிகமாக 1 புள்ளி என்னும் கணிப்புமுறை பிற்காலத்தில் வந்தது.

இப்படிகளில் ட்றிபீல்ட், பிரிட்லிங்டன், செல்பி, கூல், பொன்ரிபிறாக்ட், பாண்ஸ்லி போன்ற ஊர்களின் கழகங்கள் ஆடிவந்துள்ளன. அவற்றோடு பழைய மாணவர் கழகங்களும் கலந்து நின்றன. ஹலிபாக்சுக்கு அண்மையிலுள்ள ஹிப்பர்ஹோம் பாடசாலையின் பழைய மாணவர் அமைத்த ‘ஓல்ட் புறோட்லியன்ஸ்’ கழகம், 1648இல் அப்பாடசாலை தோன்றக் காரணராயிருந்த மத்தியூ புறோட்லியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. லீக் முறை வந்தபின் இத்தகைய கழகங்கள் பல தம் வாயிலை ஊரவர் யாவர்க்கும் திறந்துவிட்டன. பள்ளித் தொடர்பு ஒன்றையே கொண்டு அணியை நிரப்புதல் அரிதாயிற்று. பெயர் பள்ளியினதாகவும் ஆடுவோர் ஊரவராகவும் மாறினர். இழப்பும் பேறும் ஒருங்கே வந்த மாற்றம் இது.

இனி, பழைய பெரியோரின் அச்சம் மெய்ப்பட்டதா என்பதை நோக்குவாம். ஹடர்ஸ்பீல்ட் கூட்டத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யூனியன் ஆட்டம் ஊதியத்துக்கு ஆடுவோர்க்கும் திறந்ததென அறிவிக்கப்பட்டது. லீக் முறை வந்து எட்டே ஆண்டுகளில் ஊதியமும் வந்துவிட்டது. உச்சிப்படிகளில் அதன் விளைவுகள் கடுமையாயிருந்தன. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி கழகமும் றவுண்ட்ஹே கழகமும் காலத்தோடு போட்டியிடுதற்காக 1992இலேயே ஒன்றாகித் தம் தனிப்பெயர்களை இழந்திருந்தன. வட்டார நிலையில் தொடங்கிய றொதரம் கழகம் 2000ஆம் ஆண்டில் உச்சிப்பிரிவை எட்டியது. அங்கு மீண்டும் ஏறிய 2003-04ஆம் பருவத்தில் ஆடிய 22 ஆட்டங்களிலும் தோற்றது. 1901இல் தோன்றிய வேக்பீல்ட் கழகம் 2004இல் மறைந்தே போயிற்று.

ஆயின் கீழ்ப்படிகளில் நிகழ்ந்தது வேறு. அங்கும் பட்டியல் உண்டு. ஏற்றமும் இறக்கமும் உண்டு. அயலூரை வெல்லவேண்டும் என்னும் வேட்கை முன்னையிலும் மிகுதியாகவே உண்டு. இருந்தும், பெரும்பாலானோர் ஊதியம் எதுவுமின்றியே ஆடுகின்றனர். ஆசிரியரும், தச்சரும், கமக்காரரும் சனிக்கிழமைகளில் ஓரணியாகின்றனர். மைதானத்துக்குக் கோடு வரைவோரும் தேநீர் ஊற்றுவோரும் கழகத்தாரே. 1995இன் பின்னர், றக்பி லீக் ஆடிய உறவினனும் அயலவனும் தடையின்றி இவ்வணிகளிற் சேர முடிந்தது. நூறாண்டாகத் தெருக்களைப் பிரித்து நின்ற வேலி அகன்றமை இக்கீழ்நிலைக் கழகங்கள் பெற்ற பெரும்பேறு எனலாம்.

அவற்றை இன்று வருத்துவது பணமன்று. ஆட்களின் குறைவும் பயணத்தின் நெடுமையுமே. கடற்கரையிலுள்ள பிரிட்லிங்டனிலிருந்து மேற்குக் குன்றுகளை அடுத்த ஹலிபாக்சுக்குச் செல்ல நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்தல் வேண்டும். குடும்பமும் தொழிலும் உடையோர்க்கு வாரந்தோறும் இது இயல்வதன்று. 15 பேரைத் திரட்ட முடியாது ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் கழகங்களும் உள. பெருந்தொற்றால் 2020-21ஆம் பருவத்து லீக் போட்டிகள் நடைபெறாது போயின. 2022ஆம் ஆண்டில் ஒன்றியம் ஏணியை மறுசீரமைத்து, ஆட்டங்களின் தொகையையும் பயணத்தையும் குறைக்க முற்பட்டது. யோர்க்ஷயர் முதலாம் பிரிவு என வழங்கியது ‘கவுண்டீஸ் முதலாம் பிரிவு, யோர்க்ஷயர்’ எனப் பெயர் மாறி, ஏணியின் ஏழாம் படியில் நிற்கின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஊதியம் பெறாது ஆடும் உயர்கொள்கையைக் காப்பதற்கெனப் பட்டியலை விலக்கியோர், நோயை ஓரிடத்தும் மருந்தை வேறோரிடத்தும் தேடினர் எனல் வேண்டும். கூலியிழந்தவனுக்கு 6 சிலிங் கொடுக்க மறுத்தமையால் அவர்கள் கொள்கையைக் காத்ததினும் மிகுதியாக மக்களை இழந்தனர். மறுபுறத்தில், பட்டியலும் போட்டியும் வந்தபின்னரும் அக்கொள்கை அழியாது நின்றது. அது நின்ற இடம் அதனை வகுத்த கனவான்களின் பெருங்கழகங்களன்று. எவர் ஆடினால் ஆட்டம் கெடுமென அக்கனவான்கள் அஞ்சினரோ, அவர்தம் வழித்தோன்றல்கள் ஆடும் ஆலையூர்களினதும் சுரங்கவூர்களினதும் சிறு மைதானங்களே. வெல்ல விரும்புதல் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை; ஆட விரும்புவோனுக்கு வாயிலடைத்தலே அதனைக் கெடுப்பது. விளையாட்டை நடத்தும் பொறுப்பினை ஏற்போர் யாவரும் யோர்க்ஷயரின் இவ்வரலாற்றினின்று இவ்வொன்றனையேனும் கற்றுக்கொள்ளுதல் தகும்.