எட்டு பத்தானால் எவ்வளவு வளர்ச்சி?

8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை 10 மில்லிமீட்டராக வளர்கிறது. எவ்வளவு பெரிதாகிவிட்டது? "கால் பங்கு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் உருண்டையின் கன அளவு விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. 8×8×8 = 512. 10×10×10 = 1000. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

நுரையீரலில் சிறு கட்டி தெரிந்தால், மருத்துவர்கள் போடும் முக்கியமான கணக்கு இதுதான். 30 மில்லிமீட்டர் வரை உள்ள இத்தகைய கட்டியை 'நோட்யூல்' என்பார்கள்.

அதைக் கண்டுபிடிப்பது சி.டி. ஸ்கேன். இந்தக் கருவி உடலைச் சுற்றிச் சுழன்றபடி எக்ஸ் கதிர்களைச் செலுத்தும். எந்தத் திசையில் எவ்வளவு கதிர் தடைபட்டது என்பதை வைத்து, கணினி உடலின் குறுக்குவெட்டுப் படங்களை உருவாக்கும். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவி 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அந்த அளவைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் தண்ணீர் 0, காற்று −1000. நுரையீரலில் பெரும்பகுதி காற்று என்பதால் படத்தில் கறுப்பாக இருக்கும். அதில் சின்னஞ்சிறு கட்டிகூட வெள்ளையாகப் பளிச்சிடும்.

வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே புற்றுநோயா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய ஓர் ஆய்வில், நெடுங்காலம் புகைபிடித்த 53,454 பேர் பங்கேற்றனர். சி.டி.யில் சந்தேகப்பட்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோயே அல்ல! பல, பழைய தொற்று ஆறிய தழும்புகள். நம் நாட்டில் காசநோய் விட்டுச்சென்ற தழும்புகளும் நிறைய. ஆனாலும் அந்த ஆய்வு வீண் போகவில்லை. சாதாரண எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைவிட, சி.டி. எடுத்துக்கொண்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைந்தன.

பிரித்தறிய என்ன வழி? நடுவில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தாலோ, உள்ளே கொழுப்பு தெரிந்தாலோ பெரும்பாலும் ஆபத்தில்லை. விளிம்பிலிருந்து முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் என்னைக் கேட்டால், முதல் படத்தைவிட இரண்டாவது படம்தான் அதிகம் பேசும்.

"மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போவார்கள். "ஏன் சும்மா விடுகிறார்?" என்பார்கள். அவர் சும்மா விடவில்லை. காலத்தையே அளவுகோலாக்குகிறார். திடமான புற்றுக்கட்டியின் கன அளவு இரட்டிப்பாகப் பொதுவாக ஒரு மாதம் முதல் ஓராண்டுக்குச் சற்று மேல்வரை ஆகும். சில நாள்களிலேயே வீங்கினால் அது தொற்றாக இருக்கலாம். திடமான கட்டி இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருந்தால், பெரும்பாலும் கவலையில்லை. பனிமூட்டம்போல மங்கலாகத் தெரியும் கட்டிகள் மட்டும் மிக மெதுவாக வளரும். அவற்றை ஐந்தாண்டுவரைகூடக் கண்காணிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சை அடக்கும் விதம் மாறினாலே அளவு ஒரு மில்லிமீட்டர் மாறிக் காட்டலாம். அதனால் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த பெரிய ஆய்வில், விட்டத்தை மட்டும் நம்பாமல் கட்டியின் கன அளவையே கணினியால் கணக்கிட்டார்கள்.

வளர்ச்சி உறுதியானால், பல வேளைகளில் ஊசியால் துளித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோயா இல்லையா என்பதை அந்தச் செல்கள்தான் சொல்லும்.