செம்மானும் மலைவழிகாட்டியும்

ஸ்காட்லாந்து தேசத்தின் வடக்கே, மரங்கள் அருகி, ஹெதர் என்னும் குறும்புதரும் பீட் என்னும் கரிய சதுப்புமண்ணும் மண்டிக் கிடக்கும் மேட்டுநிலங்களில் நடைபெறும் செம்மான் வேட்டையைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள், துப்பாக்கி பிடித்த கனவானையே அதன் நாயகனாக எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில் அந்தக் கனவான் பணம் கொடுத்து வந்த விருந்தாளி, அவ்வளவே. மானைக் கண்டுபிடிப்பதும், கூட்டத்தில் எதைச் சுடுவது என்று தீர்மானிப்பதும், அதன் அருகே விருந்தாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கடைசி நிமிஷம்வரை துப்பாக்கியைச் சுமப்பதும்கூட, 'ஸ்டாக்கர்' என்று அங்கே அழைக்கப்படும் வழிகாட்டியின் பொறுப்பு. விருந்தாளிக்கு எஞ்சுவது விரலை அசைக்கும் வேலை ஒன்றுதான். அதையும் அவர் ஒழுங்காகச் செய்வாரா என்று அறிவதற்காக, மலையேறுமுன் மான் உருவில் வெட்டிய தகடு ஒன்றின்மேல் சில குண்டுகளைச் சுடச் சொல்லிப் பார்த்துவிடுகிறார்கள்.

செம்மான் நம் காட்டு மிளாவுக்கு உறவான பிராணி. கலை எனப்படும் ஆண்மானின் கொம்பு ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உதிர்ந்து, மெல்லிய ரோமத்தோல் போர்த்துப் புதிதாய் வளர்ந்து, ஆகஸ்டுக்குள் தோலுரிந்து கெட்டிப்பட்டுவிடும். சில மாதங்களில் இத்தனை எலும்பை உடம்பிலிருந்து வார்த்தெடுக்க வேண்டிய இப்பிராணிக்கு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்வரமும் குறைந்த அந்தச் சதுப்பு மண்ணில் விளையும் புல் போதுவதில்லை. ஆதலால் உதிர்ந்த கொம்புகளையே அது கடித்துத் தின்கிறது. ரம் என்னும் தீவில் அதற்கும் மேலே ஒரு படி சென்று, வளைகளில் வாழும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்துத் தலையைக் கடித்துத் தின்னும் மான்களையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். சாதுவான பிராணி என்று நாம் மானுக்கு வழங்கிவிட்ட நற்சான்றைச் சற்றே திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த மானை அணுகுவதில் உள்ள சிரமமெல்லாம் அதன் மூக்கில் இருக்கிறது. கண் அவ்வளவு பெரிய எதிரியன்று; சிவப்பு நிறத்தை அது சரிவரப் பிரித்தறியாது, அசையாமல் கிடக்கும் மனிதனைப் பல சமயம் கல்லென்றே கொள்ளும். அசைவை மட்டும் அது உடனே கண்டுகொள்ளும். ஆனால் காற்று வாகாக வீசினால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதனின் வாடையையும் அது பிடித்துவிடும். வாடை பட்டபின் ஒரு கணமும் தாமதிக்காது. ஆகையால் காற்று மானிடமிருந்து தன்னை நோக்கி வீசும்படியாகவே வழிகாட்டி தன் பாதையை அமைத்துக்கொள்கிறார். சொல்வதற்கு எளிதான இந்த விதி மலையில் எளிதாக இருப்பதில்லை. சமவெளியில் ஒரே திசையில் செல்லும் காற்று, பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன கிண்ணம் போன்ற மலைக்குழிவுகளுக்குள் புகுந்ததும் சுழன்று, முகட்டில் மேற்கிலிருந்து வீசுவது அடியில் கிழக்கிலிருந்து வீசும்படி திரும்பிவிடுகிறது. போதாததற்கு, வெயில் ஏறும்போது சரிவின் காற்று மேல்நோக்கி எழுந்து, மாலையில் குளிர்ந்து கீழே இறங்குகிறது. எந்தக் குழிவில் எந்தக் காற்று எப்படித் திரும்பும் என்பதை எந்தப் படமும் காட்டாது. அந்த மலையிலேயே பல ஆண்டுகள் நடந்தவருக்கே அது தெரியும். அவரும் அவ்வப்போது சிறிது புல்லையோ பஞ்சையோ கிள்ளிப் பறக்கவிட்டுச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறார்.

காலையில் அவர் செய்யும் முதல் காரியம், சரிவில் மல்லாந்து சாய்ந்து, பித்தளைத் தொலைநோக்கியை முழங்காலில் தாங்கி, எதிர்மலையை அங்குலம் அங்குலமாகத் துழாவுவது. விருந்தாளிக்கு வெறும் பாறைச்சரிவாகத் தோன்றும் இடத்தில் அவர் முப்பது மான்களைக் காண்பார். அவற்றுள் கிழப்பிணை, அதாவது முதிர்ந்த பெண்மான், எது, அது எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்பதையும் காண்பார். கூட்டத்தின் காவலெல்லாம் அந்தக் கிழப்பிணையிடம்தான். கொம்பை உயர்த்தி நிற்கும் கலையை ஏமாற்றுவது அரிதன்று. அதுவும் செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபரில் உச்சமடையும் இணைசேரும் பருவத்தில், அது உண்பதையும் ஏறக்குறைய மறந்து கர்ஜித்துக்கொண்டு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கையே இழந்துவிடுகிறது.

பிறகு தொடங்குவது நடை. நடை குனிவாகி, குனிவு தவழ்வாகி, தவழ்வு நெஞ்சால் ஊர்வதாக முடிகிறது. ஓடைக்குள் இறங்கி அதன் கரை மறைவில் முழங்கால் நீரில் செல்வதும், கறுத்த சேற்றில் மார்பு பதியக் கிடப்பதும், மான் தலைதூக்கிய க்ஷணத்தில் கையை நீட்டியது நீட்டியபடியே நிறுத்திவிடுவதும் இந்த வித்தையின் சாதாரணப் பாடங்கள். இத்தனையும் கிரமமாக நடந்தேறி வருகையில், காலடியிலிருந்து காட்டுக்கோழி ஒன்று கத்திக்கொண்டு எழும்பினால் போதும். அரைநாள் பிரயாசை வீணாகிவிடும். அப்படி வீணாகும் நாட்கள் குறைவல்ல.

200 மீட்டருக்குள் சேர்ந்தபின்தான் துப்பாக்கி உறையிலிருந்து வெளிவருகிறது. அப்போதும் விருந்தாளியின் இஷ்டம் செல்லாது. பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள அழகிய கலையைக் காட்டி அவர் ஆசைப்படலாம். வழிகாட்டியோ, தலை தாழ்ந்து, முதுகு சரிந்து, அடுத்த பனிக்காலத்தைத் தாண்டாது என்று தோன்றும் கிழட்டுக் கலையைச் சுட்டிக்காட்டுவார். கிளையில்லாமல் ஈட்டிபோல் நீண்ட கொம்புள்ளதையும் அவர் தேர்ந்தெடுப்பதுண்டு. கொம்பும் கொம்பும் கோத்துக்கொள்ளும் சண்டையில் அது எதிராளியைக் குத்திவிடக்கூடும். சுடுவதற்குரிய குண்டு 80 கிரெய்ன், அதாவது சுமார் ஐந்து கிராம் எடைக்குக் குறையக்கூடாது என்று சட்டம் விதிக்கிறது. மான் பக்கவாட்டில் நின்று, தோளுக்குப் பின்னே இதயமும் நுரையீரலும் உள்ள இடம் தெளிவாகத் தெரிந்தாலன்றி வழிகாட்டியின் சம்மதம் கிடைக்காது.

மான் விழுந்தால் அவ்விடத்திலேயே வயிற்றைக் கீறிக் குடலை நீக்குகிறார்கள். இல்லையேல் உடல் சூட்டில் இறைச்சி கெட்டுவிடும். அப்படி நீக்கிய பின்னும் 70, 80 கிலோ கனக்கும் உடலை மலையிலிருந்து இறக்க, அதற்கென்றே செய்த சேணம் பூட்டிய மட்டக்குதிரையை 'கில்லி' எனப்படும் உதவியாள் நடத்தி வருகிறான். இப்போது பெரும்பாலும் எட்டுச் சக்கரச் சதுப்பு வண்டிகள் வந்துவிட்டன. அவற்றின் இரைச்சலை எண்ணும்போது, குதிரையே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

இந்த வேட்டையின் சரித்திரம் அவ்வளவு இனிமையானதன்று. விக்டோரியா ராணியின் கணவரான ஆல்பர்ட் இளவரசர் 1852-இல் பால்மோரல் எஸ்டேட்டை வாங்கியபின் மான்வேட்டை பிரபுக்களின் நாகரிகமாயிற்று. ஆட்டுமந்தைகளுக்காக முன்பே குடியானவர்கள் விரட்டப்பட்ட பள்ளத்தாக்குகளில், கம்பளி விலை விழுந்ததும் ஆடுகளும் போய், மான்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது; அக்குடியானவர்களின் முறையீடுகளை 1883-இல் நேப்பியர் பிரபுவின் விசாரணைக் குழு கேட்டுப் பதிவு செய்தது. நிலத்தை இழந்தவர்களின் வம்சத்தாரே, அந்நிலத்தை நன்கறிந்தவர்கள் என்ற காரணத்தால், நிலம் பெற்றவர்களுக்கு வழிகாட்டிகளாயினர். 1900-இல் போயர் யுத்தத்துக்காக லோவட் பிரபு படை திரட்டியபோது இவர்களையே தேடிச் சேர்த்தார். தழையும் கந்தலும் தைத்த மறைவுடையும், தொலைநோக்கியும், பொறுமையும் அவர்களோடு ராணுவத்துக்குள் புகுந்தன.

ஆங்கிலேயர் இந்த வேட்டைமுறையை நம் நீலகிரிக்கும் கொண்டுவந்து, மலைவாசி ஷிகாரிகளின் துணையோடு மிளாவையும் வரையாட்டையும் தேடியதும், 1877-இல் அங்கே வேட்டைச் சங்கம் ஏற்பட்டதும், 1879-இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சென்னை அரசாங்கம் சட்டம் செய்ததும் பலர் அறிந்தவை. இங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது, அது நியாயமே. நம் காடுகளில் மிளாவின் தொகையைக் கவனித்துக்கொள்ளப் புலியும் செந்நாயும் இருக்கின்றன. ஸ்காட்லாந்திலோ ஓநாய் அழிந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதனால் பெருகிய மான்கள் பைன், பிர்ச் மரக்கன்றுகளைத் தலையெடுக்கவொட்டாமல் மேய்ந்துவிடுவதால், கலையைச் சுடக்கூடாது என்றிருந்த மாதங்களின் தடையையும் 2023-இல் அரசாங்கம் நீக்கிவிட்டது.

தொகையை உண்மையில் குறைப்பது பிணைவேட்டைதான். கொம்புள்ள கலைகளைத் தேடி வரும் விருந்தாளிகளில் பலர் அதற்கு வருவதில்லை. அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை, பகல் ஏழு மணி நேரமாகவும் சுருங்கிவிடும் பனிநாட்களில், வழிகாட்டி பெரும்பாலும் தனியாகவே மலையேறுகிறார். மாலையில் இறைச்சிக்கூடத்தில் ஒவ்வொரு பிணையின் எடையையும், பல்லின் தேய்மானத்தைக் கொண்டு கணித்த வயதையும், வயிற்றில் கன்று இருந்ததா என்பதையும் பதிவேட்டில் எழுதிவைக்கிறார். வரும் ஆண்டில் அந்த மலையில் எத்தனை மானைச் சுடுவது என்ற கணக்கு அந்தப் பதிவேட்டைப் பார்த்தே போடப்படுகிறது.