தோல் புற்றுக்குப் புரோட்டான் வேண்டுமா?

தர்மபுரியில் ஒருவருக்குத் தோல் புற்று என்றால், சென்னை தரமணிக்கு ஓட வேண்டுமா? அங்கே 2019இல் அப்போலோ மருத்துவமனை திறந்ததுதான் தெற்காசியாவின் முதல் புரோட்டான் கதிர் சிகிச்சை மையம். ஆனால், பெரும்பாலும் ஓடத் தேவையில்லை.

வழக்கமான கதிர் சிகிச்சையில் எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டானோ வேகம் குறையக் குறைய ஆற்றலைக் கொட்டி, குறித்த ஆழத்தில் நின்றுவிடும். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர்.

ஆக, ஆழத்தில்தான் அதன் வித்தை. தோல் புற்று மேலாக இருக்கும்போது அறுவை சிகிச்சையோ, சில சென்டிமீட்டரில் அடங்கும் எலக்ட்ரான் கதிரோ போதும், செலவும் குறைவு.

கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற புற்று வேறு கதை. பார்வை நரம்பு சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். 1975இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் இந்தப் புற்றுக்குப் புரோட்டான் சிகிச்சை தொடங்கியது. கண்ணையே அகற்றும் நிலையிலிருந்து பலர் தப்பினார்கள். முகத்தோல் புற்று நரம்பு வழியே மண்டையோட்டின் அடிவரை ஊர்ந்தாலும் மருத்துவர்கள் புரோட்டானைப் பரிசீலிப்பார்கள்.