கல்லாவில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும்



செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடலோரத்திலும் நம் மளிகைக் கடைகளில் அடிக்கடி எழும் பேச்சு இது. மகன், பில் போடக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பார். கல்லாவில் இருக்கும் தகப்பனார், "நோட்டுக் கணக்கில் என்ன குறை கண்டாய்?" என்பார். பேச்சு அத்துடன் நின்றுவிடும். முதல் போட்டு, கடனுக்கும் பொறுப்பேற்றவர் அவர். அவரது தயக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. நாம் கேட்கும் முறையே மாற வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. தொலைபேசி எக்ஸ்சேஞ்சை உள்நாட்டிலேயே செய்யலாம் என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் எடுத்துரைத்தார் சாம் பித்ரோடா. 1984-இல் சி-டாட் தொடங்கப்பட்டது. செலவு 36 கோடி ரூபாய், கெடு 36 மாதம் என்று வரம்பு கட்டிக்கொண்டார்கள். முதலில் சிறிய கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்து, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் ஓட்டிக் காட்டினார்கள். குளிர்சாதன அறையின்றி, வெயிலிலும் தூசியிலும் அது இயங்கியது. பெரிய எக்ஸ்சேஞ்ச் கெடுவைத் தாண்டியது, விமர்சனமும் எழுந்தது. ஆயினும் சிறியது கண்ணெதிரே ஓடியதால் முயற்சி நிலைத்தது.

நாமும் அவ்வாறே செய்யலாம்.

1. பெரியவரை உறுத்தும் குறையிலிருந்து தொடங்குங்கள். குறித்து வைக்க மறந்த பற்று, காலாவதியாகித் தள்ளிய சரக்கு, 2017-இல் வந்த ஜி.எஸ்.டி.க்காகப் பில்களைத் தேடும் அலைச்சல் ஆகியவற்றால் ஒரு மாதத்தில் ஆகும் நஷ்டத்தை எழுதிக் காட்டுங்கள்.

2. முழுச் செலவையும் முதலிலேயே சொல்லுங்கள். பிரிண்டர், யு.பி.எஸ்., ஆண்டுப் பராமரிப்பு எதையும் விட வேண்டாம். கடலோரக் கடைகளில் உப்புக் காற்று கருவியை அரிக்கும். அந்தப் பழுதுச் செலவும் சேரட்டும்.

3. எண்ணெய், பருப்பு என இரண்டு சரக்கில் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். நோட்டும் கூடவே நடக்கட்டும். இரவு கடை கட்டும்போது இரண்டையும் அவர் முன்னிலையில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் மறைக்காதீர்கள்.

4. விலை மாற்றவும் கடன் தள்ளவும் உரிய பாஸ்வேர்டு அவரிடமே இருக்கட்டும். கெடு முடிந்தபின் வேண்டாம் என்றால் நிறுத்தும் உரிமையும் அவருக்கே.

கல்லாச் சாவி கை மாறாது என்று தெரிந்தாலே பாதித் தயக்கம் தீரும். மீதியை மூன்று மாதக் கணக்கு தீர்க்கும். கணக்கு சாதகமாக வராவிட்டால், பெரியவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்வதும் நல்ல வியாபாரமே.